கடைசி அரை அங்குலம்

பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது எந்தப் பெயர் என்று எல்வுட் பர்னலுக்கு உறைத்தது. அதற்குள் அது மைக்குக்குள் நுழைந்து, தொலைபேசிக் கம்பி வழியாக வானொலி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி முழுக்கச் சமையலறை சமையலறையாக இறங்கிவிட்டது. பின்னாலேயே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிற தூரத்தில் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நாலு மணியிலிருந்து நாலரை வரை, கேடிஸ் அம்மாளின் கிளப்பில் வாசிக்கிற ஜாஸ் அப்படியே நேரடியாக ஒலிபரப்பாகும். அறிவிப்பாளன் எல்வுட். கடைசி அரை நிமிடம், குழு மெதுவாக விடைபெறும் மெட்டை வாசித்துக்கொண்டிருக்க, வாசித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவன் நிகழ்ச்சியை முடிப்பான். பெயர்களைத் தட்டச்சு செய்த தாள் அன்றும் அவன் கையில்தான் இருந்தது. அதில் ‘டெனர் சாக்ஸபோன்: ஜோ கிரீன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஜோ கிரீன் என்று ஓர் ஆள் உலகத்தில் கிடையாது. யாருக்கும் நினைவில் நிற்காத பெயராக வேண்டுமென்று அதைக் கண்டுபிடித்ததே எல்வுட்தான்.

ஆனால் எல்வுட் தாளைப் பார்த்துப் படிக்கிற ஆள் இல்லை. அப்படி ஒரு பெருமை அவனுக்கு. தவிர, அன்று அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. தாளைப் பார்த்திருந்தாலும் எழுத்து தெரிந்திருக்காது. பதினாலு மாதத்துக்குப் பிறகு நண்பன் மேடையேறி வாசித்ததைக் கேட்டால் யாருக்குத்தான் தெரியும்?

“அப்புறம் டெனர் சாக்ஸபோன்ல, நம்ம, நம்மளோட, ராஸ்கோ வெதர்பி!” என்று ‘ர’வை உருட்டி, ‘பி’யைக் கூரை வரைக்கும் தூக்கிவிட்டுச் சொன்னான்.

டிரம்ஸ்காரரின் கையிலிருந்து, டிரம்ஸை வருடுகிற பிரஷ் நழுவியது. பியானோவிலிருந்த லூதர், தலையைத் திருப்பாமல் மெட்டை மட்டும் முடித்தார். ராஸ்கோ எல்வுட்டை ஒரே ஒரு தடவை பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. கடைசிப் பேருந்து போய்விட்டது என்று தெரிந்த மனிதன் சாலையைப் பார்க்கிற பார்வை அது. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடினான். சமையலறை வழியாக வெளியே போனான். மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண் கதவைத் திறந்துவிட்டாள்.

நியூயார்க்கில் மது விற்கிற இடத்தில் வாசிக்க வேண்டுமென்றால் போலீஸ் கொடுத்த அட்டை வேண்டும். கைரேகையும் புகைப்படமும் ஒட்டிய அட்டை. கோட்டுப் பையில் ஒரு சின்னப் போதைப் பொட்டலத்தோடு ராஸ்கோ மாட்டிக்கொண்ட அன்று அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். நீதிபதி ரெண்டு வருடத் தண்டனை எழுதி, அதை நிறுத்தியும் வைத்தார். அட்டை இல்லாமல் எங்காவது வாசித்தது தெரிந்தால், நிறுத்தி வைத்தது நடைமுறைக்கு வந்துவிடும். பதினாலு மாதமாக ராஸ்கோ சலவைக்கடை வண்டி ஓட்டினான். அந்தப் பொட்டலத்தையும் அதன் அண்ணன் தம்பிகளையும் விட்டொழித்தான். “ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வாசிடா, பேர மாத்திச் சொல்லிக்கலாம். நான் பாத்துக்கிறேன்” என்று அவனைத் தாஜா பண்ணி அழைத்து வந்தவனும் எல்வுட்தான். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்.

“லூதர் அண்ணே, அவன் எங்க போனான்?”

“யாரு?” என்றார் லூதர், பியானோவை மூடியபடி. “ஜோ கிரீனா? அவரு நல்ல மனுஷன். ஊரு பேரு தெரியல.”

“விளையாடாதீங்க. ராஸ்கோ...”

“அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லணுமா, பிரதர்? மொத தடவ கேக்காதவங்க பிரான்க்ஸ்ல ரெண்டு பேர் மிச்சம் இருக்காங்களாம்.”

அன்று இரவு தன் வாடகை அறையில் எல்வுட் படுக்கவே இல்லை. மாடிப்படியில் ஏறிய ஒவ்வொரு காலடியும் தன் கதவுக்குத்தான் வருகிறது என்று எண்ணினான். ஒவ்வொன்றும் அவனைத் தாண்டிப் போன பிறகு, ‘அப்படியானால் ராஸ்கோ வீட்டுக்குப் போயிருப்பார்களோ’ என்று இன்னும் அதிகமாகப் பயந்தான்.

திங்கள் காலை, ராஸ்கோவின் மனைவி வெர்டெல் வேலை செய்கிற அழகு நிலையத்துக்குப் போனான். அவள் அடுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்புச் சீப்பை எடுத்து ஒரு பெண்ணின் தலையை நீவிக்கொண்டிருந்தாள். சுருண்ட முடி ‘சுர்’ரென்று ஆவி விட்டு நேராகிக்கொண்டிருந்தது. எல்வுட் இரண்டடி தள்ளியே நின்றான்.

“வெர்டெல், ராஸ்கோ எங்க? வீட்டுக்கு வந்தானா? பிடிச்சிட்டாங்களா?”

“அவரா? சந்திரனுக்குப் போயிருக்காரு.”

“பஸ்லயா, நடந்தா?” என்று முடி உலர்த்தியின் கீழிருந்த அம்மாள் கேட்டாள். நாலு நாற்காலியும் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்பில் பாதியாவது எல்வுட்டின் சம்பாத்தியமாக இருந்திருக்கும்.

“வெர்டெல், என்னப் பாரு. தூங்கல நான். உள்ள இருக்கானா வெளிய இருக்கானா, அத மட்டும் சொல்லு.”

அவள் சீப்பை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். சூடு முகத்தில் அடித்தது.

“உன்கிட்ட சொல்லணுமா? உன்கிட்ட ஒண்ணு சொல்றதும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில ஏறி நின்னு கத்துறதும் ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை சோப்பு விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் நடுவுல அறிவிச்சிட மாட்ட? போ எல்வுட். நீ நின்னா என் கவனம் சிதறுது. இந்தம்மா காது சுட்டுடும்.”

எல்வுட் ஜோக் எதுவும் அடிக்காமல் வெளியே போனான். அவன் வாய்க்கு அது புதிது.

செவ்வாய் மதியம் கேடிஸ் அம்மாளின் கிளப்பில் நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மேஜையில் மட்டும் நாற்காலி இறக்கப்பட்டு, பழுப்புத் தொப்பி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தொப்பிக்குப் பக்கத்தில் டிடெக்டிவ் ஹாலரன் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். காபிக்குக் காசு கொடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கேடிஸ் அம்மாள் கல்லாவுக்குப் பின்னால், துடைத்த கிளாஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“பர்னல்தானே நீ? உக்காரு. ரேடியோல கேக்கும்போது இன்னும் உயரமா இருப்பேன்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார். என் அம்மாவே அப்படித்தான் நினைச்சாங்க” என்றான் எல்வுட். பயம் வந்தால் அவன் வாய் தானாக ஓடும். “மைக்க உயரமா வச்சா கிடைக்கிற லாபம் சார் அது.”

ஹாலரன் சிரிக்கவில்லை. “என் பொண்டாட்டி ஞாயித்துக்கிழமை துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே உன்னக் கேப்பா. முந்தாநாள் வெதர்பின்னு ஒரு பேரு கேட்டேங்குறா. வெதர்பியப் பொட்டலத்தோட பிடிச்சவன் நான். அவ காதுல சில நேரம் பஞ்சு வச்சிருப்பா. அவ காத வச்சு நான் நீதிபதிகிட்டப் போக முடியாது. உங்க நிலையத்துல இதெல்லாம் பதிவு பண்ணி வைப்பாங்களா?”

“இல்ல சார். சத்தியமா. காத்துல போனது காத்தோட போச்சு.”

அது உண்மை. எல்வுட்டின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

“ஆனா இந்த ஏரியால எவனோ வீட்டுல மெஷின் வச்சு ரேடியோலேருந்து இசைத்தட்டு வெட்டுறானாமே? வாசிக்கிறவங்களே போய், தாங்க வாசிச்சத வாங்கிக் கேக்குறாங்களாம்.” ஹாலரன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “உனக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது சார்” என்று எல்வுட் வாயால் சொன்னான். முகம் என்ன சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. வானொலிக்காரன் முகத்துக்குப் பயிற்சி எடுத்தவன் இல்லை.

டிடெக்டிவ் தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்தான். பிறகு பின்கதவு வழியாக இறங்கி, இரண்டு சந்து சுற்றி, ஓட்டமும் நடையுமாக ஹோசியா டிம்ஸின் ரேடியோ பழுது பார்க்கிற கடைக்குப் போனான். ஹோசியா அறுபது வயதுக்காரர், பாப்டிஸ்ட் தேவாலயச் சபையில் டீக்கன், பாஸ்டருக்கு உதவுகிற பொறுப்பு. ஞாயிறு காலையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற அதே கையால் ஞாயிறு மாலையில் இன்னொரு வகைத் தட்டில் சாத்தானின் சங்கீதத்தை வெட்டுகிறார் என்பது பாஸ்டருக்குத் தெரியாது. அதனால் யார் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றே.

“என்கிட்ட தட்டும் கிடையாது கிட்டும் கிடையாது. அந்த டோஸ்டர் உன்னோடதா?”

“டீக்கன், போலீஸ் தேடுது. ஞாயித்துக்கிழமை கடைசிப் பக்கம் இருக்கா?”

ஹோசியா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடைக்கதவில் ‘சாப்பிடப் போயிருக்கிறேன்’ அட்டையைத் தொங்கவிட்டு, தாழ்ப்பாள் போடாமல், பின்னறைக்குப் போனார்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம்தான் பிடிக்கும். அரை மணி நிகழ்ச்சிக்கு மூன்று தட்டு. கடைசித் தட்டின் கடைசிப் பக்கத்தை ஹோசியா உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் தொட்டு, சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

முதலில் கிளாஸ் உரசுகிற சத்தம். யாரோ ஒரு பெண்ணின் இருமல். அப்புறம் ராஸ்கோ. மெதுவான பாட்டு, மேடையில் கேட்டபோது எல்வுட் அதைப் பாதிதான் கேட்டிருந்தான், மீதிப் பாதி நேரம் அடுத்து அடிக்க வேண்டிய ஜோக்கை யோசித்துக்கொண்டிருந்தான். இப்போது முழுவதும் கேட்டான். சலவை வண்டியில் பதினாலு மாதம் பேசாமல் ஓட்டிக்கொண்டு போன மனிதன், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒருத்தரிடம் எல்லாவற்றையும் சொல்வது போலிருந்தது. இடையில் எங்கோ ஒரு சுரத்தை எட்டிப் பிடிக்காமல் விட்டான். விட்டது தப்பாகத் தெரியவில்லை, அங்கே கேட்கிறவனுக்கு மூச்சு முட்டியது. ஹோசியா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

கைதட்டல். விடைபெறும் மெட்டு. பிறகு எல்வுட்டின் குரல் வந்தது. வெண்ணெய் தடவிய, தன்னைத் தானே காதலிக்கிற குரல். இதைக் கேட்டுக்கொண்டு மக்கள் எப்படி இத்தனை வருடம் சும்மா இருந்தார்கள் என்று எல்வுட்டுக்கு வியப்பாக இருந்தது. பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று வரிசையாக வந்து, அப்புறம் அந்தப் பெயர். ‘ர’ உருண்டது. ‘பி’ கூரைக்கு ஏறியது. ஒரு எழுத்துகூடத் தேய்ந்திருக்கவில்லை.

“இதுக்கு இன்னொரு பிரதி உண்டா?”

“இல்ல. இது ஒண்ணுதான்.”

“உடைச்சிடலாம் டீக்கன்.”

“நீ முதல்ல வெளிய போ” என்றார் ஹோசியா. “முப்பது வருஷமா கேக்குறேன், இப்படி ஒரு மூணு நிமிஷம் எனக்கு வாய்ச்சதில்ல. அத உடைக்கச் சொல்றியே, மனுஷனா நீ?”

எல்வுட் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். வெளி விளிம்பிலிருந்து கோடு கோடாக உள்ளே சுருண்டு வந்தது. ராஸ்கோ முழுவதும் வெளிப்பக்கம். நடுவில் லேபிளை ஒட்டி, அரை அங்குலம் தேறாத ஒரு வளையம், அவ்வளவுதான் எல்வுட்.

“ஒரு ஆணி குடுங்க.”

ஹோசியாவுக்குப் புரிந்தது. ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். எல்வுட் தட்டை முழங்காலில் வைத்து, லேபிளைச் சுற்றி அழுத்திக் கீறினான். கறுப்புப் பூச்சு முடிபோலச் சுருள் சுருளாக உரிந்து அவன் கால்சட்டையில் விழுந்தது. உள்ளேயிருந்து அலுமினியம் பளபளத்தது. தன் வாயைத் தானே அடைப்பது இத்தனை சுலபம் என்று முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைக்கதவின் மணி அடித்தது. பூட்டாத கதவு.

“வழி காட்டினதுக்கு நன்றி பர்னல்” என்றார் ஹாலரன், பின்னறை வாசலில் நின்று. “ரெண்டு சந்து சுத்தினியே, அதான் கொஞ்சம் கால் வலிக்குது.”

ஹாலரன் எல்வுட்டின் முழங்காலிலிருந்து தட்டை எடுத்தார். ஹோசியாவிடம் நீட்டினார். “போடு.”

ஹோசியா போட்டார். கிளாஸ், இருமல், ராஸ்கோ. ஹாலரன் நின்றுகொண்டே கேட்டார். அவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. கைதட்டல். மெட்டு. “நண்பர்களே, இன்னிக்கு” என்று எல்வுட்டின் குரல் தொடங்கியது. அப்புறம் ‘கர்ர்ர்ர்’ என்று ஊசி வெறும் உலோகத்தில் பிறாண்டியது.

“முடிவு கெட்டுப்போயிருக்கு சார்” என்றார் ஹோசியா. டீக்கன் பொய் சொல்லவில்லை.

ஹாலரன் ஒரு ஸ்டூலை இழுத்து எல்வுட்டுக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சிகரெட் பற்ற வைத்தார். “டெனர் வாசிச்சது யாருன்னு நீ சொன்ன?”

எல்வுட் கோட்டுப் பையிலிருந்து தட்டச்சுத் தாளை எடுத்து நீட்டினான். ஜோ கிரீன். ஹாலரன் அதைப் படித்தார். மடித்து வைத்துக்கொண்டார். அப்புறம் எதுவுமே பேசவில்லை.

அங்கேதான் எல்வுட் உண்மையாகப் பயந்தான். வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் பொறியாளர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பத்து விநாடி விழுந்தால் மேலாளரிடமிருந்து தொலைபேசி வரும். அரை நிமிடம் விழுந்தால் வேலை போகும். பதினோரு வருடமாக எல்வுட்டின் பிழைப்பே எங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கே ஒரு வார்த்தையைத் திணிப்பதுதான். இந்த மனிதனுக்கு அது தெரிந்திருந்தது. ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டு அவர் காத்திருந்தார்.

இருபது விநாடி. எல்வுட்டின் நாக்கில் ஒரு ஜோக் வந்து நின்றது. விழுங்கினான். நாற்பது. ஜோ கிரீனைப் பற்றி ஒரு முழு வாழ்க்கை வரலாறே வந்தது: பால்டிமோர்காரர், இடது கால் கொஞ்சம் நொண்டி, கிராம்பு போட்ட பன்றித் தொடை பிடிக்கும். அதைச் சொன்னால், எந்தத் தெரு, எப்போது வந்தார், யார் கூட்டி வந்தது என்று கேள்வி வரும். அதையும் விழுங்கினான்.

ஹாலரனின் பார்வை அவன் கால்சட்டைக்கு இறங்கியது. முழங்கால் மேல் கறுப்புச் சுருள்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. அவர் குனிந்தார். விரலிடுக்கில் சிகரெட், அதன் நுனியில் நீண்ட சாம்பல், அதற்குள் சிவப்பாக ஒரு கண். அந்தச் சுருள் தீக்குச்சி மருந்து மாதிரி. பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். அதனால்தான் ஹோசியா அதை மூடி போட்ட டப்பாவில் போட்டு வைப்பார். மூலையில் நின்ற ஹோசியாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“சார், நெருப்பு, பாத்து” என்று சொன்னால் போதும். மூன்றே வார்த்தை. ஆனால் எல்வுட்டுக்குத் தன்னைத் தெரியும். மூன்று வார்த்தையோடு நிறுத்துகிற ஆளாக இருந்திருந்தால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கவே மாட்டான். வாயைத் திறந்தால் திறந்ததுதான். தொடை எரிந்தால் எரியட்டும் என்று பல்லைக் கடித்தான். வியர்வை கழுத்தில் ஓடியது.

சாம்பல் உடைந்தது. முழங்காலுக்கு ஓர் அங்குலம் தள்ளி, ஷூவின் மேல் விழுந்து, சும்மா பொடியாகப் போயிற்று.

“கால்சட்டை அழுக்கா இருக்கு” என்றார் ஹாலரன். சிகரெட்டை ஹோசியாவின் காபிக் கோப்பைக்குள் போட்டார். எழுந்தார். தட்டை உறைகூட இல்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அத வச்சுட்டுப் போங்க சார்” என்றார் ஹோசியா. அவர் குரல் உடைந்திருந்தது. “அதுல ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் இல்லன்னா உனக்கு எதுக்கு?” என்றார் ஹாலரன். “ஞாயித்துக்கிழமை வருவேன் பர்னல். முன் மேஜை.”

மணி அடித்தது. கதவு சாத்திக்கொண்டது. பிறகு ஹோசியா ஒரு பிரஷ்ஷைக் கொண்டுவந்து, குழந்தைக்குப் பவுடர் துடைப்பது போல எல்வுட்டின் முழங்காலிலிருந்து சுருள்களைத் தட்டி டப்பாவில் போட்டு மூடினார்.

“அந்த மூணு நிமிஷம் இனி கிடைக்காது, இல்ல?” என்றான் எல்வுட்.

“கிடைக்காது. வீட்டுக்குப் போ தம்பி. வழியில யார்கிட்டயும் பேசாத.”

எல்வுட் பேசவில்லை. செவ்வாய் இரவு பேசவில்லை. புதன் காலை காபிக்கடையில் விரலைக் காட்டி முட்டை கேட்டான். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். ராஸ்கோ சிறையில் இருக்கிறானா, ஆற்றில் விழுந்தானா, இல்லை மறுபடி அந்தப் பொட்டலத்தையே தேடிப் போய்விட்டானா என்கிற பயம் மட்டும் உள்ளே ஓயாமல் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. மாலையில் கால் தானாக அழகு நிலையத்துப் பக்கம் போயிற்று. உள்ளே போகத் துணிவில்லை. கண்ணாடிக்கு வெளியே, தபால் பெட்டிக்குப் பின்னால் நின்றான்.

கதவைத் திறந்துகொண்டு வெர்டெல் வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

“தபால் பெட்டிய விட நீ அகலம். எல்லாருக்கும் தெரியுது” என்றாள். “டீக்கன் வந்து எல்லாம் சொன்னாரு. வாயத் திறக்கவே இல்லையாமே நீ?”

எல்வுட் தலையை ஆட்டினான்.

“எவ்வளவு நேரம்?”

அவன் ஒரு சிகரெட்டின் நீளத்தை விரலால் காட்டினான். அவள் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்து, வராமல் போயிற்று. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

செவ்வாய்க்குப் பிறகு எல்வுட் வாயைத் திறந்தது அப்போதுதான். “வெர்டெல். பிடிச்சிட்டாங்களா அவன? என் மேல ரொம்பக் கோபமா?”

“பிடிக்கல” என்றாள் வெர்டெல். “ஃபிலடெல்ஃபியால என் தம்பி வீட்டுல இருக்காரு. பெயின்பிரிட்ஜ் தெரு, மூணாவது மாடி, பச்சைக் கதவு. அந்தக் கர்மத்தத் தொடல, நேத்து போன்ல குரலக் கேட்டேன். அங்க அட்டை கிட்டை கேக்க மாட்டாங்க, வெள்ளிக்கிழமை வாசிக்கப் போறாரு. நானும் மாசக் கடைசியில போறேன். கோபமான்னு கேட்டல்ல? ஆமா, கோபம்தான். ரொம்ப. உன் பேர எடுத்தாலே போன வச்சுடுறாரு.”